டிக் டிக் என்று சத்தம் வருகிறது, தீ மட்டும் வரவில்லை

இரண்டு நாளாக எங்கள் வீட்டுச் சின்ன பர்னரோடு போராட்டம். குமிழை அழுத்தித் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் வரும், கேஸ் வரும் சீறலும் கேட்கும், ஆனால் பற்றாது. தீக்குச்சியைக் காட்டினால் உடனே பற்றிக்கொள்ளும். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டேன். டிக் டிக் இன்னும் சுறுசுறுப்பாகக் கேட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டு, சமையலறை விளக்கையும் அணைத்து, குமிழை மட்டும் அழுத்திப் பார்த்தேன். விஷயம் அப்போதுதான் புரிந்தது. பர்னருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் குச்சி ஒன்று நிற்குமே, அதன் நுனியிலிருந்து பர்னர் விளிம்புக்குத் தாவ வேண்டிய பொறி, குச்சியின் அடியிலேயே தகட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது! நீலமாக, நூல் மாதிரி. முந்தின நாள் அடுப்பைக் கழுவியதில் ஈரமும் பழைய பிசுக்கும் சேர்ந்து பீங்கான் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தன. மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைத்தால் அது ஏன் மேலே ஏறிப் போகப்போகிறது?

பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில் முதல் டிக்கிலேயே பற்றியது. நுனிக்கும் பர்னருக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். கழுவியபின் பர்னர் மூடியைக் கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அந்தக் கணக்கு கெட்டுவிடுகிறது. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

* * *

எனக்கு நேர் எதிர். பொறி பளிச்சென்று வருகிறது, தீக்குச்சி காட்டினாலும் பற்றவில்லை. பக்கத்து பர்னர் நன்றாக எரிகிறது. அப்படியென்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் எதிலும் குறையில்லை, தடை இந்த ஒரு பர்னருக்குள்தான். இதுவரை சரியாகத்தான் யோசித்தேன். சறுக்கியது அடுத்த கட்டத்தில்.

பர்னரைத் தூக்கினால் அடியில் பித்தளையில் சின்னதாக ஒரு ஜெட் இருக்கும். அதன் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. என்றைக்கோ பொங்கி வழிந்தது அதில் போய்க் காய்ந்து அடைத்திருந்தது. நான் சேஃப்டி பின்னை எடுத்துக் குடைந்து தள்ளினேன். அடைப்பு போய்விட்டது, தீயும் வந்தது. வெற்றி என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாரத்தில் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக, நீளமாக ஆடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்து ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓட்டை வட்டமாகவே இல்லை, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. எவ்வளவு கேஸ் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்த ஓட்டையின் அளவுதான். அது பெரிதானால் கேஸ் கூடும், அதற்கு ஈடாகக் காற்று கலக்காது, தீ அரைகுறையாக எரியும். கரி கண்ணுக்குத் தெரிகிறது, அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு தெரிவதில்லை. புது ஜெட் போட்டபின்தான் நிம்மதி. எஃகு ஊசி வேண்டாம், மின்சார வயரில் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளில் ஒற்றை இழையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். செம்பு மென்மை, பித்தளையைக் கிழிக்காது. பல்குத்தியும் கூடாது. நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டால் அது வேறு தலைவலி.

* * *

மேலே ஊசி விட்ட அண்ணனாவது கரியோடு தப்பித்தார். எங்கள் வீட்டில் தீ கீழே வந்தது.

இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுத் திரும்பினோம். அடுப்பைப் பற்றவைத்ததும் 'பொக்' என்று ஒரு சத்தம். மேலே பர்னரில் தீயைக் காணோம். குமிழுக்குப் பின்னால், அடுப்பின் வயிற்றுக்குள் நீலமாக ஏதோ அசைகிறது. கை தானாக ரெகுலேட்டருக்குப் போனது, நல்லவேளை.

ஆறியபின் பர்னரைக் கழற்றினால், ஜெட்டிலிருந்து மேலே போகும் குழாய்க்குள் பஞ்சு மாதிரி வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. சிலந்திக்கூடு! கேஸ் மேலே போக வழியில்லாமல், காற்று உள்ளே வருவதற்கு விட்டிருக்கும் வாய் வழியாகவே வெளியே வந்து அங்கேயே பற்றியிருக்கிறது. பாட்டில் கழுவும் ஒல்லி பிரஷை விட்டு ஒரே இழுப்பு, கூட்டோடு வந்துவிட்டது.

சிலந்திக்கு இந்த மாதிரி ஒடுங்கிய குழாய் என்றால் கொள்ளை ஆசை போல. 2011இல் மஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததே, பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியதால்தான். நம் அடுப்பு எம்மாத்திரம்.

* * *

என் பிரச்சினை வேறு. பற்றுகிறது, குமிழை விட்டதும் அணைந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்துக்கொண்டே சமைக்கவா முடியும்?

* * *

தம்பி, பர்னர் பக்கத்தில் இரண்டு குச்சி நிற்கிறதா பாருங்கள். ஒன்று பொறி விடுவது. மற்றது, தீ படும் இடத்தில் இருக்கும் உலோகக் குச்சி, தெர்மோகப்புள். தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்கான காவல் அது. சூடேறினால் அதில் ஏதோ 20, 30 மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். குமிழுக்குப் பின்னால் உள்ள குட்டிக் காந்தம் அதை வைத்துத்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. நுனியில் கரி படிந்தால் சூடு ஏறாது, காந்தம் கைவிட்டுவிடும்.

அடுப்பு ஆறியபின் நுனியை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேயுங்கள். பற்றவைத்ததும் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு மெல்ல விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் குச்சியை மாற்றத்தான் வேண்டும். தொல்லை தாங்காமல் அந்தக் காவலையே துண்டித்துவிட்டுச் சமைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

* * *

எல்லா பர்னரும் பற்றவில்லை என்று அரை மணி நேரம் கழற்றிப் போட்டுத் துடைத்தேன். சிலிண்டர் மாற்றியபின் ரெகுலேட்டரைத் திறக்கவே இல்லை. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

* * *

சிரிப்பு வந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே எழுதியவர்களில் பாதிப்பேர் குமிழைத் திறந்தபடியே திரும்பத் திரும்பப் பற்றவைத்திருப்பீர்கள், நானும் செய்திருக்கிறேன். பத்தாவது தடவை பற்றியது, 'புஸ்ஸ்' என்று ஒரு பெரிய அலையாக. கையில் ரோமம் முழுக்கப் பொசுங்கிவிட்டது, புருவத்தில் பாதி. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு லேசு, அது மேலே ஏறும். எதுவானாலும் நாலைந்து விநாடிக்குள் பற்றவில்லையென்றால் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, வாடை போகும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம், சுவிட்சுக்குள்ளும் பொறி உண்டு.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வந்திருக்கிறேன். செம்பு இழை சொன்ன அண்ணனுக்கு நன்றி. அதைப் படித்ததும் போய் எங்கள் பெரிய பர்னரின் ஜெட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றிப் புதிதாகப் பளபளவென்று கீறல்! யார் ஊசி விட்டது என்று வீட்டில் கேட்டால், ஆளாளுக்கு ஃபேனைப் பார்க்கிறார்கள்.