கடற்கரைப் பறவைப் பட்டியல்: எல்லை எங்கே?

உப்புக்கொத்தி:
எங்கள் பகுதியில் மணல்கரை, கழிமுகம், பின்னால் ஒரு சதுப்பு. மூன்றுக்கும் ஒரே பட்டியலா, தனித்தனியா? தொலைவில் கடல்மேல் பறக்கும் ஆலாக்களைச் சேர்க்கலாமா? பத்து வருடம் கழித்துப் புரட்டினாலும் பயன்படுகிற மாதிரி எழுத ஆசை.

கழிமுகத்தான்:
தனித்தனியாக வையுங்கள். பின்னால் கூட்டிக்கொள்ளலாம், பிரிக்கத்தான் முடியாது. கரையில் நின்று அடையாளம் தெரிந்தால் கடல்பறவையும் கணக்குதான். நேரத்தோடு ஓதநிலையையும் (கடல்நீர் ஏற்றமா, வற்றமா) எழுதுங்கள், இதைத்தான் பலர் விடுகிறார்கள். வற்றத்தில் உள்ளான்கள் சேற்றில் பரவி இரை தேடும். நீர் ஏறினால் ஒரே திட்டில் கூடி நிற்கும். ஓதம் தெரியாமல் இரண்டு நாள் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. அப்புறம், அந்தத் திட்டை நெருங்காதீர்கள். பறக்க வைத்தால் நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகும்.

சதுப்புக்காரி:
பெயர் உறுதியில்லையென்றால் 'உள்ளான் வகை' என்றே விடுங்கள். அன்று பயன்படுத்திய வகைப்பாட்டுப் பதிப்பையும் குறியுங்கள். லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர் என்ற கரைப்பறவையை, பறவைப் பதிவு இணையதளமான இபேர்ட் 2023இல் சைபீரியன், திபெத்தன் என இரண்டாகப் பிரித்தது. பழைய பதிவுகளை எதில் சேர்ப்பது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உப்புக்கொத்தி:
ஓதநிலைக்கு இன்றே ஒரு பத்தி சேர்க்கிறேன். காகம், மைனாவையும் எண்ண வேண்டுமா?

கழிமுகத்தான்:
கட்டாயம். பார்த்த அத்தனையும் எழுதினால்தான் 'அன்று இல்லை' என்பதும் தகவலாகும்.