வில்லை அளந்து பார்த்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நெடுவில்காரன்:

மூன்று ஆண்டுகளாக மர நெடுவில் எய்கிறேன். வில்லின் மேல் 40 பவுண்டு என்று எழுதியிருக்கும். கேட்பவர்களிடமெல்லாம் நானும் நாற்பது என்றே சொல்லி வந்தேன். போன மாதம் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, வழக்கமாக இழுக்கும் தூரம் இழுத்தேன். 38 காட்டியது. தராசில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: வில்லில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கான விசை. என் கை நிற்பது 27-ல்.

தராசை மாட்டியதுதான் மாட்டினோம், முழுதாகப் பார்த்துவிடலாம் என்று அங்குலத்துக்கு அங்குலம் நிறுத்தி, விசையைக் குறித்து, கட்டத்தாளில் கோடு போட்டேன். நாண் பூட்டிய நிலையிலிருந்து என் முழு இழுப்புவரை 20 அங்குலம். கோடு நேராக ஏறியிருந்தால் அதன் கீழ்ப் பரப்பு, அதாவது இழுக்கச் செலவான ஆற்றல், 380 அங்குலப் பவுண்டு. நடுவில் சற்றுப் புடைத்திருந்ததால் கட்டங்களை எண்ணியபோது 400 வந்தது. ஜூலில் சொன்னால் 45. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வில்லுக்கு நான் கொடுப்பது அவ்வளவுதான்.

அம்பு அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டு போகிறது? அம்பின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கினேன். 26 கிராம் அம்பு நொடிக்கு 48 மீட்டரில் போனது. ஆற்றல் 30 ஜூல், மூன்றில் இரண்டு பங்கு. 39 கிராம் அம்பு 40.8 மீட்டர்தான். ஆனால் ஆற்றல் 32.5 ஜூல்! மெதுவாகப் போகிற அம்புதான் வில்லிடமிருந்து அதிகம் கறந்திருக்கிறது. உந்தமும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை முதல் உடும்புவரை ஐந்தை வீழ்த்தினான் என்று படித்தபோது சிரித்திருக்கிறேன். அந்தக் கணக்கை இப்போதும் நம்பவில்லை, ஆனால் அவன் கையில் இருந்தது இலேசான அம்பாக இருந்திருக்காது.

இதற்கு விளக்கம் புதிதல்ல. அம்பு மட்டுமா ஓடுகிறது? வில்லின் இரு கைகளும் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள்) நாணும் கூடவே ஓட வேண்டும். அம்போடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு கூடுதல் நிறையாக அதைக் கொள்ளலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் 1940-களிலேயே எழுதியிருக்கிறார். என் இரண்டு அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டதில் அந்த நிறை ஏறக்குறைய 8 கிராம். அப்படியானால் 32 கிராம் அம்பு 44.2 மீட்டரில் போக வேண்டும். எய்தேன். 44. அன்று இரவு சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

குறிபார்ப்பவள்:

குரோனோகிராஃப் கிடைக்காதவர்களுக்கு என் அனுபவம். கைபேசியில் ஒலியைப் பதிந்து, நாண் தெறிக்கும் சத்தத்துக்கும் அம்பு தைக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை எடுத்தேன். 18 மீட்டர் தூரம், 0.427 நொடி. வேகம் 42 என்று வந்தது. வில் கிழடாகிவிட்டது என்று ஒரு வாரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கைபேசி என் காலடியில் இருந்தது என்பதே தவறு. அம்பு தைத்த சத்தம் திரும்பி வரவே 0.05 நொடிக்கு மேல் ஆகும். அதைக் கழித்தால் 48. இப்போதெல்லாம் அம்பு போகும் பாதைக்கு நன்றாக ஒதுங்கி, இரண்டு முனைக்கும் சம தூரத்தில் வைத்துவிடுகிறேன். கழிக்கிற வேலையே இல்லை.

தச்சன்மகன்:

வேகமெல்லாம் சரி, அம்பு நேராகப் போக வேண்டுமே. என் தலைவலி அம்பின் விறைப்பு. ஒரே கட்டில் வாங்கிய 12 மர அம்புகள், எல்லாவற்றிலும் ஒரே விறைப்பு எண். நாலைந்து மட்டும் எப்போதும் இடது பக்கமே போகும். நான் வலது கைக்காரன். குற்றம் விரலில் என்று நினைத்து இரண்டு மாதம் விரலைத் திட்டினேன்.

பிறகு 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அம்பைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடை தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தேன். மர அம்புக்கு 26-ஐத் தொய்வின் அங்குலத்தால் வகுத்தால் பவுண்டு கணக்கு வரும். ஒன்று 0.72 தொய்ந்தது, இன்னொன்று 0.56. அதாவது ஒன்று 36 பவுண்டு வில்லுக்கானது, மற்றது 46-க்கானது. இடது போனவை எல்லாமே விறைத்தவை.

நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியில் பார்த்தால் காரணம் தெரிகிறது. அம்பு வில்லைச் சுற்றி மீன்போல் நெளிந்துதான் வெளியே வருகிறது. விறைத்த அம்பு போதுமான அளவு வளையாமல் பிடியின் பக்கவாட்டில் இடித்து விலகுகிறது. மூன்றில் முனையை மட்டும் கனமாக மாற்றினேன், வழிக்கு வந்துவிட்டன. தண்டை வெட்டியிருந்தால் இன்னும் விறைத்துத்தான் போயிருக்கும். வெட்ட இருந்தேன்!

பழைய கை:

தம்பிகளா, இலக்கில் தைத்தால் போதாதா? நான் இருபது வருடமாக எய்கிறேன், ஒரு ஜூலைக்கூடப் பார்த்ததில்லை.

ஒடிந்த சிலை:

ஐயா சொல்வது சரிதான், ஆனால் நான் கணக்குப் பார்க்காததால் ஒரு வில்லை இழந்தவன். வேகம் வேண்டும் என்று 45 பவுண்டு வில்லில் 15 கிராம்கூட இல்லாத அம்பைப் பூட்டி எய்தேன். அம்பென்னவோ பறந்தது. பத்தாவது எய்தலில் கீழ்க்கையில் ஒரு கீறல், அதற்கடுத்த நாள் படீர். இலேசான அம்பு எடுத்துக்கொள்ளாத ஆற்றல் வில்லுக்குள்ளேயே அடித்துத் திரும்புகிறது. அம்பே இல்லாமல் நாணை விடுவதற்கு அது பக்கத்து வீடு. முதல் பதிவில் இருக்கும் கணக்கை அப்போதே படித்திருந்தால் பயந்திருப்பேன்.

நெடுவில்காரன்:

வில் ஒடிந்த கதையைக் கேட்டு என் வில்லை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மிச்சம் எங்கே போகிறது என்று நேற்று தேடினேன். 39 கிராம் அம்பு கொண்டுபோனது 32.5 ஜூல். அந்த 8 கிராம் கணக்கில் வில்கையும் நாணும் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 6.7. இழுக்கும்போது மட்டும் அளந்த தராசை நாணைத் தளர்த்தும்போதும் படித்தேன். ஒவ்வொரு அங்குலத்திலும் விசை குறைவு, பரப்பு 370. மரம் தனக்குள்ளேயே 30 அங்குலப் பவுண்டை, அதாவது 3.4 ஜூலை விழுங்கிவிடுகிறது. முழு இழுப்பில் வெகுநேரம் நிறுத்திக் குறிபார்த்தால் இன்னும் விழுங்கும் போல. பத்து நொடி பிடித்து எய்தபோது வேகம் ஒரு மீட்டர் இறங்கியது.

எல்லாம் கூட்டினால் 42.6. இரண்டரை ஜூல் இன்னும் கணக்கில் வரவில்லை. நாணின் சத்தமா, பிடியில் வரும் அதிர்வா, என் தராசா?

பழைய கை:

அது என் மணிக்கட்டில் இருக்கிறது தம்பி. இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.