பேப்ளிங்: மழலையா, அசையொலியா?

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர்)

அன்புடையீர், வணக்கம். கைக்குழந்தையின் செவித்திறனைப் பெற்றோரே கவனித்து அறிவதற்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை 'ஆ', 'ஊ', 'ங்கா' என்று ஒலியை நீட்டுவது ஒரு படி. ஆறு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடையில் 'மமமம', 'ததத' என்று மெய்யும் உயிரும் சேர்த்து ஒலிப்பது அடுத்த படி. இந்த இரண்டாம் படியைத்தான் கையேடு பேப்ளிங் என்கிறது. பத்து மாதம் முடிந்தும் அது தொடங்காவிட்டால் செவியைச் சோதிக்கச் சொல்கிறது. நான் 'மழலை' என்று எழுதினேன். வரைவைப் படித்த ஒரு தாய், "மழலை இரண்டு வயதில்தானே, அதுவரை பொறுக்கலாம்" என்றார். அதன்பின் அந்தச் சொல்லை அப்படியே விட அச்சமாக இருக்கிறது. 'உளறல்', 'பிதற்றல்' இரண்டும் பெரியவர்களை ஏசும் சொற்கள். தக்க சொல் தந்து உதவுங்கள்.

மறுமொழி (தமிழாசிரியர், ஓய்வு)

ஒரு தாய் பிறழ உணர்ந்தார் என்பதற்காக ஈராயிரம் ஆண்டுச் சொல்லைக் கைவிடுவது முறையாகாது. அதியமானிடம் ஔவையார் பாடிய புறநானூற்று 92ஆம் பாட்டைப் பாருங்கள்: "யாழொடும் கொள்ளா; பொழுதொடும் புணரா; பொருளறி வாரா; ஆயினும், தந்தையர்க்கு அருள்வந் தனவால், புதல்வர்தம் மழலை." பண்ணோடு சேராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது என்று இன்றைய ஆய்வாளர் கூறும் இலக்கணத்தையே அந்தப் பாட்டு கூறிவிடுகிறது. "மழவும் குழவும் இளமைப் பொருள" என்பது தொல்காப்பியம். ஆகவே மழலைக்கு வயது வரம்பு கிடையாது, இளமை என்ற ஒன்றே அதன் வேர். கிளிக்கு உரியதாக வழங்கும் 'மிழற்று' என்ற வினையும் இதன் உறவாகவே இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக என் துணிபு.

புதுச்சொல்லே வேண்டுமென்றால் பிள்ளைத்தமிழுக்குப் போவோம். ஐந்தாம் மாதத்துக்கு உரியது செங்கீரை. 'கீர்' என்றால் சொல் என்று கொண்டு, குழந்தையை வாய்திறந்து ஒலிக்குமாறு வேண்டும் பருவம் அது என்று விளக்குவாரும் உளர். அடுத்து வரும் தாலப் பருவத்தில் 'தால்' என்பது நாக்கு. ஆதலால் 'கீரல்' என்று ஒரு தொழிற்பெயரை ஆக்கிக்கொள்ளலாம்.

மறுமொழி (கணினித் துறை நண்பர்)

'கீரல்' என்று அச்சிட்டால் பெற்றோர் 'கீறல்' என்று படித்துக் குழந்தையின் கன்னத்தில் நகக்குறி தேடுவார்கள், ஐயா.

'அசையொலி' என்று வைத்துக்கொள்ளலாமே. பீட்டர் மக்நீலேஜ் என்ற அறிஞரின் கருத்துப்படி, இந்தப் பருவத்து ஒலிக்கு அடிப்படை தாடையின் அசைவு. குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாடை தாளமாக ஏறி இறங்க, மூடும்போது மெய்யும் திறக்கும்போது உயிரும் பிறக்கின்றன. "இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்" என்ற நூற்பாவுக்கு நாக்கின் உதவிகூடத் தேவையில்லை என்பது எவ்வளவு பொருத்தம்! அசை என்றால் அசைவு. அசை என்றால் ஒலியலகு. பொருளின்றி நிற்கும் சொல்லையும் அசைநிலை என்கிறோம். மூன்றும் ஒரே சொல்லில் அமைகின்றன.

மறுமொழி (தமிழாசிரியர்)

அழகான சொல்தான், ஆனால் யாப்பு அறிந்தவர் ஏற்க மாட்டார். 'மமமம' என்பதில் நண்பர் நான்கு ஒலியலகுகளை எண்ணுவார். அலகிட்டுப் பாருங்கள்: மம நிரை, மம நிரை, அசை இரண்டே, வாய்பாடு கருவிளம். 'ததத' நிரை நேர், புளிமா. 'மாமா' என்று நீட்டினால்தான் நேர் நேர் ஆகித் தேமாவாகும். குறில்கள் இணைந்தால் ஓரசை என்பது தமிழின் கணக்கு. பிறமொழி ஒலியியலின் அலகுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதே பாடநூல்கள் செய்த பிழை. இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். மேலும் ஒன்று: உலகமெல்லாம் தாயை மகரத்தால் அழைப்பது நம் 'அம்மா' பரவியதால்தான் என்பதை இக்கையேட்டின் அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டும்.

மறுமொழி (பேச்சுப் பயிற்சியாளர்)

புலவர் ஐயாவுக்கு வணக்கம். அந்த அடிக்குறிப்பு வேண்டாம். மானிடவியலாளர் மர்டாக் திரட்டிய 1072 தாய் தந்தைப் பெயர்களை வைத்து மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காட்டில் மூக்கொலி உண்டு, தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காட்டில்தான் உண்டு. பால் குடிக்கும் வாய் அடைபட்டிருக்கையில் ஒலி மூக்கு வழியாகத்தான் வெளிவர முடியும் என்பதும், அந்த முனகலே பிறகு பசிக்கும் வேண்டுதலுக்கும் உரிய குரலாகிறது என்பதும் அவர் தரும் விளக்கம். ஜார்ஜிய மொழியில் 'மாமா' தந்தை, 'தேதா' தாய். ஒலி குழந்தையுடையது, அதற்குப் பெயரை ஏற்றிக்கொள்வது பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'அசையொலி'யில் எனக்கு உறுத்துவது ஒலி. காது கேளாத பெற்றோரிடம் சைகைமொழியைக் கண்டு வளரும் காது கேளாத குழந்தைகள், பொருளற்ற கையசைவுகளை இதே தாளத்தோடு திரும்பத் திரும்பச் செய்கின்றன. பெட்டிட்டோவும் மாரன்டெட்டும் 1991இல் இதைக் காட்டினார்கள். அதைக் 'கையொலி' என்று எழுத முடியுமா? 'கைமழலை' என்று தயங்காமல் எழுதலாம். ஆகவே தலைச்சொல் மழலையாகவே இருக்கட்டும்; இதில் நான் ஐயாவின் பக்கம்.

ஆனால் அடைமொழி கட்டாயம் வேண்டும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ஆ', 'ஊ' என்று குரல் கொடுக்கும். அதைக் கேட்டுப் பெற்றோர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆலரும் ஐலர்ஸும் 1988இல் ஆராய்ந்த கேட்கும் குழந்தைகள் எல்லாம் பத்து மாதத்துக்குள் இரண்டாம் படிக்கு வந்துவிட்டன. கேளாத குழந்தைகளில் ஒன்றுகூடப் பதினொன்றாம் மாதத்துக்கு முன் வரவில்லை. வேறுபாடு மெய்யும் உயிரும் கூடுவதில் இருக்கிறது. அரிச்சுவடி படித்த எவருக்கும் அதற்கு ஒரு பெயர் தெரியும். முதற்படியை 'உயிர்மழலை' என்றும், அடுத்ததை 'உயிர்மெய்மழலை' என்றும் வைப்போம்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

நன்றி, அம்மா. 'உயிர்மெய்மழலை'யை அந்தத் தாயிடம் படித்துக் காட்டினேன். "உயிருக்கு ஏதும் ஆபத்தா?" என்று கேட்டார். 'அடுக்குமழலை' என்று மாற்றினேன்; கேட்டவுடன் 'பபபப' என்று தானே சொல்லிக் காட்டினார்.

மறுமொழி (பேச்சுப் பயிற்சியாளர்)

'பதிமா' என்று வெவ்வேறு உயிர்மெய்களைக் கோக்கும் குழந்தை அடுக்கவில்லையே? அதுவும் இதே படிதான்.

மறுமொழி (கணினித் துறை நண்பர்)

இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர் வேறுபாட்டுக்குள் யாரும் நுழைவதற்குமுன் சொல்லிவிடுகிறேன்: எனக்கு 'அடுக்குமழலை' போதும். அசையொலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மனமில்லாமல்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

நாளை கோப்பை அனுப்ப வேண்டும். தனிமடலில் எழுதிய மூவரும் 'அடுக்குமழலை' என்றே சொன்னார்கள். வரும் இடமெல்லாம் 'பபப, மமம, பதிமா போன்ற ஒலிகள்' என்று பக்கத்திலேயே விளக்கிவிடுகிறேன். சொற்பட்டியலில் 'உயிர்மெய்மழலை'யும் ஒரு வரியாக இருக்கும்.

மறுமொழி (தமிழாசிரியர்)

அடைமொழி எதுவாயினும் மழலை பிழைத்தது, அமைகிறேன். ஆனால் முதற்பக்கத்தில் 'ங்கா' என்று மெய்யெழுத்தை மொழிமுதலில் அச்சிட என் இசைவு இல்லை. 'இங்கா' என்று திருத்துக.

மறுமொழி (பேச்சுப் பயிற்சியாளர்)

ஒலிப்பதிவை மீண்டும் கேட்டேன், ஐயா. இகரம் இல்லை.