நெல்லைச் சீமைக்கு மேலே ஸ்பிட்ஃபயர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வந்தது. அதில் ஓட்ட, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ஒன்பதாம் மார்க்கை (ரகத்தை)த் தனியாக விலை கொடுத்து வாங்கியபோது, எல்லோரையும் போல நானும் முதலில் லண்டனுக்குத்தான் போனேன். பல கோணங்களில் எடுத்த வான்படங்களைக் கோத்து அந்த நகரத்தை முப்பரிமாணமாக எழுப்பியிருக்கிறார்கள். தேம்ஸ் நதியை ஒட்டித் தாழ்வாகப் பறந்தால் பாலங்களும் கூரைகளும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் கீழே இருப்பவற்றில் ஒரு தெருவாவது நான் நடந்த தெருவாக இருக்க வேண்டாமா? மூன்றாம் நாள் தூத்துக்குடி வாகைக்குளம் ஓடுதளத்துக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பெரும்பாலும் இங்கேதான் பறக்கிறேன்.

ஸ்பிட்ஃபயரைத் தரையில் ஓட்டுவதே ஒரு வித்தை. மூக்கு நிமிர்ந்து நிற்பதால் முன்னால் எதுவும் தெரியாது. பாம்பு போல இடமும் வலமும் வளைந்து வளைந்துதான் ஓடுதளம் போய்ச் சேர வேண்டும். நம் ஊர் வெயிலில் சில நிமிடங்கள் கூடுதலாக நின்றால் ரேடியேட்டர் சூடேறிவிடும். நிதானம் வேண்டும், தாமதமும் கூடாது. மெர்லின் எஞ்சினுக்கு விசை கொடுத்ததும் விமானம் இடது பக்கம் இழுக்கும், வலது காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரத்தை மடக்கும் நெம்புகோல் உண்மையான விமானத்தில் வலது பக்கம் இருக்கிறது. அதனால் தரையை விட்டதும் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலிருந்து இடது கையை எடுத்துக் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பிடித்து, வலது கையால் சக்கரத்தை மடக்க வேண்டும். அந்தக் கைமாற்றம் வேண்டும் என்பதற்காகவே நான் அதற்கான பொத்தானை மேசையின் வலது ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் பத்து தடவையும் கைமாற்றும் நேரத்தில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தக் காலத்து விமானிகளின் முதல் பறப்பிலும் இதே குலுக்கல்தான் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

மேற்கே எழும்பி மணிக்கு 200 மைலில் போனால் ஆறு நிமிடத்துக்குள் பாளையங்கோட்டை வந்துவிடுகிறது. பிறகு தாமிரபரணி, சந்திப்பு, டவுன். இங்கேதான் ஏமாற்றம் காத்திருந்தது. நம் ஊருக்கு லண்டனைப் போன்ற முப்பரிமாணப் படம் கிடையாது. செயற்கைக்கோள் படத்தைத் தரையில் விரித்து, கூரை தெரியும் இடத்திலெல்லாம் கணினியே ஒரு கட்டடத்தை நட்டுவிடுகிறது. நெல்லையப்பர் கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் வைத்த மாடி வீடுகள் நின்றன. நெஞ்சில் ஏதோ குத்தியது.

கோபத்தோடு இன்னொரு வட்டம் அடித்தபோதுதான் கவனித்தேன். கோபுரம் இல்லை, ஆனால் நான்கு ரத வீதிகளும் சதுரம் பிசகாமல் கிடந்தன. நயினார்குளம் அதன் இடத்தில் இருந்தது. ஊருக்கு வெளியே ஆறு திரும்பும் இடமெல்லாம் திரும்பியது. கட்டடம் பொய், தண்ணீர் மெய். அன்று முதல் நான் குளங்களை வைத்தே வழி கண்டுபிடித்துப் பறக்கிறேன். வரைபடத்தைத் திறப்பதே இல்லை.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். 1940இல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுக்குப் பின்னர் கிடைத்த பட்டப்பெயர் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. இந்த மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காகச் சூட்டப்பட்ட பெயர் அது. திருநெல்வேலி அப்போது அந்த மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே இந்த விமானம் நம் வயலுக்கு மேலே பறப்பதில் பொருத்தக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி, நீங்கள் சமவெளியிலேயே நின்றுவிட்டீர்கள். மேற்கே வாருங்கள்.

என்னிடம் இருப்பது பி-51 மஸ்டாங், அதே போர்க் காலத்து அமெரிக்கப் போர் விமானம். ஆடி மாதத்தில், அந்த நேரத்து வானிலையை அப்படியே எடுத்துக்கொள்ளும் வசதியைப் போட்டுவிட்டு, பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு மேலாக அகத்தியர் மலையை நோக்கி ஏறினேன். மலை சுமார் 6,100 அடி. மஸ்டாங்குக்கு அது பெரிய உயரமே அல்ல. அந்த எண்ணத்தில் நேராக முகட்டைக் குறி வைத்துவிட்டேன்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் ஏறி, நம் பக்கம் அருவி போல இறங்குகிறது. முகட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஏற்றமானியின் முள் சட்டென்று கீழே சாய்ந்தது. மூக்கு மேலே, விமானம் கீழே. போதாக்குறைக்கு இருக்கைக்குப் பின்னால் உள்ள எரிபொருள் தொட்டியை நிரம்ப வைத்திருந்தேன். அது நிறைந்திருந்தால் மஸ்டாங்கின் எடை பின்னால் போய், திருப்பும்போது நிலைகொள்ளாது. பாறையும் சோலைக் காடும் கண்ணாடி முழுக்க வந்துவிட்டன. திரையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கியது. அன்று மலையில் மோதிவிட்டேன்.

மலைப் பகுதியில் பறப்பவர்களின் பாடம் ஒன்றைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். முகட்டை நேராக அணுகக் கூடாது. 45 பாகை சாய்வாகப் போனால், காற்று அமுக்கும்போது பாதித் திருப்பத்திலேயே பள்ளத்தாக்குப் பக்கம் விலகிவிடலாம். இரண்டாம் தடவை அப்படித்தான் கடந்தேன். முகட்டைத் தாண்டியதும் கேரளப் பக்கம் முழுக்க வெள்ளை மேகம், திரும்பிப் பார்த்தால் நம் பக்கம் வெயில். சிறு வயதில் எங்கள் ஆச்சி மேற்கே கைகாட்டி, “மலைக்கு அங்கே மழை, நமக்குச் சாரல்” என்பார். அந்த எல்லைக்கோட்டை மேலிருந்து ஒரே பார்வையில் பார்த்துவிட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

வணக்கம் அண்ணாச்சி. கோபுரம் இல்லாத குறை என்னையும் தூங்கவிடவில்லை. நான் செய்தது இது.

ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் நெல்லையப்பர் கோயில் கோபுரம் ஒன்றை வடிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சுதைச் சிற்பத்தையும் செதுக்கினால் கணினி தாங்காது. அதனால் நிலைகளின் வடிவத்தை மட்டும் சரியாக எழுப்பி, நானே எடுத்த படங்களை அதன்மேல் போர்த்தினேன். படம் எடுக்க மூன்று நாள் காலையில் ரத வீதிக்குப் போனேன். வெயில் ஒரு பக்கமாக விழுந்தால் படத்திலேயே நிழல் ஒட்டிக்கொள்ளும், பிறகு சிமுலேட்டரின் சூரியன் வேறு பக்கம் நிழல் போடும்போது பொய் வெளிப்பட்டுவிடும். மேகமூட்டமான காலைக்காகவே காத்திருந்தேன். மூன்றாம் நாள் பூக்கடை அம்மா ஒருவர், “என்னம்மா தினமும் அண்ணாந்து பார்க்கிறாய், வேண்டுதலா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல.

மணிக்கு 200 மைல் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர். தாழ்வாகப் பறக்கும்போது கோபுரம் சில நொடிகளே பக்கத்தில் தெரிகிறது. அதற்கு இரண்டு மாத உழைப்பா என்று வீட்டில் கேட்டார்கள். அந்தச் சில நொடிகளில் டவுன் டவுனாகிவிடுகிறது. வேறு பதில் என்னிடம் இல்லை.

இன்னும் ஒன்று. செயற்கைக்கோள் படம் எடுத்த மாதத்தில் வற்றியிருந்த குளம், சிமுலேட்டரில் ஐப்பசி மழையிலும் வற்றியே கிடக்கிறது. தண்ணீர் மெய் என்கிறீர்கள். பெருமழைக் காலத்தில் வந்து பாருங்கள், அதிலும் பாதிதான் மெய்.

திசையன்விளையிலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். கயத்தாற்றின் கரிசலிலிருந்து தென்கிழக்கே, 3,000 அடி உயரத்தில் நேராக வாருங்கள். முதலில் கறுப்பு, அடுத்து தாமிரபரணிப் பாசனத்தின் பச்சை, பிறகு எங்கள் தேரிமணலின் சிவப்பு, முடிவில் மணப்பாட்டுக் கடலின் நீலம். ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். நான்கு நிறத்தையும் ஒரே பறப்பில் பார்த்த பிறகு எனக்கு வேறு நகரம் எதுவும் தேவைப்படவில்லை.

மீண்டும் திருநெல்வேலி சந்திப்பிலிருந்து

பாளையங்கோட்டைத் தங்கச்சி சொன்னது சரி. ‘தண்ணீர் மெய்’ என்பதை ‘குளக்கரை மெய்’ என்று திருத்திக்கொள்கிறேன்.

கயத்தாறு என்றதும் இதை எழுதியே ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு விமானத் தளம் இருந்தது. இன்று அந்த வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். என் தாத்தாவின் ஊர் அதற்குப் பக்கம். சிறுவனாக ஆடு மேய்க்கையில் தலைக்கு மேலே விமானங்கள் போகும் என்பார். என்ன விமானம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “பெரிய சத்தம், ஆடெல்லாம் ஓடிவிடும்” என்பார்.

ஸ்பிட்ஃபயரில் அவரை ஊருக்கு மேலே கூட்டிப்போனேன். வீடுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குளக்கரை வளைந்ததும், “இது நம் குளம், அந்த மூலையில்தான் மடை” என்று திரையில் விரலை வைத்தார். ஆனால் எஞ்சின் சத்தத்துக்குத் தலையை ஆட்டிவிட்டார். “இது கீச்சென்று இருக்கிறது. அது இப்படி இல்லை.”

2022 நவம்பர் பதிப்பில் டக்ளஸ் டிசி-3 வந்தது. அதன் இராணுவ வடிவம்தான் டகோட்டா. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சின்கள் இரண்டு. எதுவும் சொல்லாமல், ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குளத்துக்கு மேலே தாழ்வாகக் கொண்டுபோனேன்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விமானம் குளத்தைக் கடந்து வெகுதூரம் போன பிறகு சொன்னார்:

“இதுதான். இன்னொரு தடவை கொண்டு வா.”