ப்ளூம்பெர்க் சொன்ன 95 சதவீதம் எப்படி வருகிறது?

நண்பர்களே, 2020 அமெரிக்க அதிபர் போட்டியில் இறங்கிய மைக்கேல் ப்ளூம்பெர்க் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்குக் கட்டுரை எழுதுகிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவர் நியூயார்க் மேயராக இருந்த 2002–2013 காலத்தில், தெருவில் போகிறவரைப் போலீஸ் நிறுத்திச் சட்டைப்பையைத் தடவிச் சோதிப்பது உச்சத்துக்குப் போனது. சுவரோரம் கையை வைத்து நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் கைதாகவும் இல்லை, அபராதச் சீட்டு வாங்கவும் இல்லை. நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் கண்டித்தபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மன்னிப்பு வந்தது 2019 நவம்பரில், புரூக்ளின் தேவாலயத்தில். ஒரே வாரத்தில் வேட்பாளர் ஆனார்! அந்த ஒரு வாரம்தான் என்னை உறுத்துகிறது.

2020 பிப்ரவரியில், பதவி முடிவதற்குள் சோதனைகளை 95 சதவீதம் குறைத்ததாகச் சொன்னார். சரி, போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 2011-இல் 6,85,724, 2013-இல் சுமார் 1,91,000. குறைவு 72 சதவீதம். 2012-இன் 5,32,911-ஐ வைத்தால் 64 தான். தீர்ப்பையும் புரட்டினேன், அதன் கணக்கு 2012 ஜூனோடு நிற்கிறது.

எந்த மாதங்களை எந்த மாதங்களோடு ஒப்பிட்டால் 95 வரும்?