மியூசிலேஜுக்கு என்ன சொல்? (திங்களுக்குள் வேண்டும்)

மதுரை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்கு உரம் பக்குவமாகிவிட்டதா என்று பள்ளிப் பிள்ளைகளே சோதித்துப் பார்ப்பதற்கான நான்கு பக்கக் கையேடு ஒன்று என் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் ஆளிவிதையை முளைக்கவிட வேண்டும். வெறும் தண்ணீரில் முளைத்ததோடு ஒப்பிட்டு முளைப்பு விழுக்காட்டையும் வேர் நீள விழுக்காட்டையும் பெருக்கி, 100ஆல் வகுத்தால் முளைப்புச் சுட்டெண். 1981இல் இத்தாலியில் ஸுக்கோனி குழுவினர் இந்த விதையை வைத்துத்தான் அந்தச் சோதனையை வகுத்தார்கள். 80க்கு மேல் வந்தால் உரம் தயார். 50க்குக் கீழே என்றால் வேரைக் கெடுக்கும் நஞ்சு இன்னும் இருக்கிறது. இதெல்லாம் முடித்துவிட்டேன். நனைந்த விதையைச் சுற்றி வழவழவென்று ஊறுகிறதே, மியூசிலேஜ், அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ‘பசைப்பொருள்’ என்று போட்டிருக்கிறேன்.

தஞ்சை ஆசிரியை எழுதியது:

அண்ணா, அதற்கு முன்னால் ஒன்று. ‘ஆளிவிதை’ என்று அச்சிட்டால் பிள்ளைகள் கடையில் வாங்கி வருவது ஃபிளாக்ஸ் விதையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது லெபிடியம் சாட்டிவம், கடுகுக் குடும்பம். சித்த மருந்துக் கடையில் அதற்கு ஆளிவிரை என்று பெயர். விதை, விரை, ஒரே எழுத்துதான் வேறு. இரண்டும் நனைந்தால் வழவழக்கும் என்பதால் தப்பு நடந்ததே தெரியாது. ஃபிளாக்ஸ் தட்டையாக, பளபளப்பாக, பெரிதாக இருக்கும். இது சின்னது, செம்பழுப்பு. முளைத்த பிறகு பார்த்தால் வித்திலை மூன்று விரல் மாதிரிப் பிரிந்திருக்கும். அந்தப் படத்தைக் கட்டாயம் போடுங்கள்.

சொல்லைப் பற்றி: என் வகுப்பில் ஈரத்தாளில் வைத்த சில நிமிடங்களிலேயே விதையைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு வளையம் வந்துவிட்டது. ஒரு பெண் விரலால் தொட்டு, “டீச்சர், தவளை முட்டை!” என்றாள். இன்னொருத்தி “சப்ஜா” என்றாள்.

நாகர்கோவில் சித்த மருத்துவர் எழுதியது:

ஆசிரியை சொல்வது மிகச் சரி. மலையாளத்தில் இதற்கு ஆசாளி என்று பெயர். குழப்பம் தீர அதையே எடுத்துக்கொள்ளலாமே. மராட்டியத்தில் அளீவ் என்பார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தேங்காயும் வெல்லமும் சேர்த்து லட்டு பிடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். மியூசிலேஜுக்குப் ‘பிசின்’ போதும். பாதாம் பிசினை ஊறவைத்துக் குடிக்காதவர் யார்?

சென்னை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

பிசின் மரத்தில் காயம் பட்டால் வடிவது. இது விதையின் மேல்தோலிலேயே இயல்பாக இருந்து, நீர் பட்டதும் உப்புவது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

ஆளி என்ற பெயரிலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். அளிதல் என்றால் குழைதல். அளிந்த பழம் என்கிறோம். அளி, ஆளி: முதல் நீண்டு பெயரானது. நனைந்தால் குழைவது ஆளி. ஆகவே அந்தப் பொருள் ‘அளிமம்’.

யாழ்ப்பாணத்துத் தாவரவியல் விரிவுரையாளர் எழுதியது:

ஐயா, சுடு சூடு, கெடு கேடு, படு பாடு எல்லாம் சரி. இகர ஈற்றில் அப்படி நீண்டதற்கு எனக்கு ஓர் எடுத்துக்காட்டும் தோன்றவில்லை. அளீவ், ஆசாளி என்று பக்கத்து மொழிகளிலும் இருப்பதைப் பார்த்தால் ஊர் ஊராய் வந்த வணிகப் பெயராகவே படுகிறது. நாங்கள் மியூகஸுக்குச் ‘சீதம்’ என்று படித்தோம். விதைச்சீதம் என்றால் என்ன குறை?

தஞ்சை ஆசிரியை:

சீதம் என்றால் இங்கே சீதபேதிதான் நினைவுக்கு வரும். கோழை, சளி எல்லாமே அப்படித்தான். தின்னும் விதைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

சென்னைப் பேராசிரியர்:

அளிமத்தை விடுகிறேன். ‘இழுது’ இருக்கிறதே. உறைந்த நெய்க்குப் பழைய சொல். ஜெல்லி மீனை இழுதுமீன் என்று எழுதுகிறார்கள். விதையிழுது. ஓசையும் நன்றாக இருக்கிறது, பொருளும் பொருந்துகிறது.

மதுரை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘இழு’ என்றுதான் படிக்கும். சொற்பட்டியல் போட இடமில்லை. ‘விதைக்கூழ்’ என்றால்?

யாழ்ப்பாணத்து விரிவுரையாளர்:

கொலொயிட்டுக்கு, அதாவது நுண்துகள்கள் பரவி மிதக்கும் கலவைக்கு, கூழ்மம் என்று ஏற்கெனவே உண்டு, குழப்பம் வரும். பசை என்பதிலும் எனக்கு மனத்தடை இருக்கிறது. ஒட்டுவது அதன் ஒரு வேலை மட்டுந்தான். நீரைப் பிடித்து வைப்பதும் உண்டு. 1992இல் ஜப்பானியர் முளைக்கும் ஆளிவிரையின் இந்தக் கசிவிலிருந்துதான் லெபிடிமாய்டைப் பிரித்தெடுத்தார்கள். பக்கத்தில் முளைக்கும் வேறு செடியின் தண்டை நீளச் செய்யும் பொருள் அது. அதனால் பக்கத்துச் செடியோடு பேசும் வேலையும் இதற்கு உண்டு. இத்தனையையும் பசை என்ற சொல் தாங்காது. இழுது தாங்கும், ஏனென்றால் அதில் இன்னும் வேறு பொருள் ஏறவில்லை.

நாகர்கோவில் சித்த மருத்துவர்:

விதைப்பசை என்று போடுங்கள். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தஞ்சை ஆசிரியை:

எனக்கும் விதைப்பசை சரி.

மதுரை மொழிபெயர்ப்பாளர்:

அப்போ ‘விதைப்பசை’, செடிக்கு ‘ஆளிவிரை’; பக்கத்திலேயே “ஃபிளாக்ஸ் அல்ல” என்று தடித்த எழுத்தில். மூன்று விரல் வித்திலைப் படம் அட்டையின் உட்புறம் வருகிறது. இன்று இரவு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சென்னைப் பேராசிரியர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. இழுது என்பதற்கு என் ஒப்புதலும் யாழ்ப்பாணத்தாரின் ஒப்புதலும் இருப்பதைக் குறித்து வையுங்கள். மறுபதிப்பு வரும்போது திரும்பக் கேட்பேன்.