அரிய தலை-கழுத்துப் புற்றுநோய்: அண்ணனை முதல் கட்ட டிரயலுக்குப் பாரிஸ் அனுப்பலாமா?

காரைக்கால்காரி (சேன் அந்த்ரே, பிரான்சின் ரீயூனியன் தீவு)

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்கு வயது 54. மேல்வாயில் வந்த அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, அதாவது உமிழ்நீர்ச் சுரப்பியில் வருகிற அரிய வகைப் புற்றுநோய். சில வருடங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து மேல்வாயில் ஒரு பகுதியை எடுத்தார்கள், அப்புறம் ரேடியேஷனும் கொடுத்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஒரு பிளேட் மாட்டிக்கொள்கிறார். அதைக் கழற்றிவிட்டுப் பேசினால் எல்லாம் மூக்கால் வரும், குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும். மற்றபடி ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், ல போர் துறைமுகத்தில் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்.

போன வருடம் நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன. கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். இந்தத் தடவை ஸ்கேனில் இரண்டு கட்டிகள் வளர்ந்திருக்கின்றன. இருமல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. பாரிஸில் ஒரு முதல் கட்ட டிரயல், அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற சோதனை, நடக்கிறது, மாத்திரைதான், பெயர் கொடுக்கட்டுமா என்று இப்போது கேட்கிறார்.

அண்ணி ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். 2016இல் ரென்ன் நகரத்தில் மருந்து சோதனைக்குப் போன ஒருவர் இறந்துபோனதை டிவியில் பார்த்தது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அண்ணன் எதுவும் சொல்லாமல் என் முகத்தைப் பார்க்கிறார். யாராவது போயிருக்கிறீர்களா? மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களா? பதினோரு மணி நேர விமானப் பயணம், அந்தச் செலவு யாருடையது? நடுவில் வேண்டாம் என்று வந்துவிட்டால் இங்கே உள்ள டாக்டர் மறுபடி பார்ப்பாரா?

---

வில்லியனூர் நர்ஸ் (பாரிஸ் புறநகர்)

தங்கச்சி, நான் இங்கே புற்றுநோய் டிரயல் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் அண்ணனுக்குச் சொன்னது எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லா முதல் கட்டத்துக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன்.

முதல் கட்டத்தின் வேலை, எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும், என்ன பக்கவிளைவு வரும் என்று கண்டுபிடிப்பது. நோய் குறைகிறதா என்பதையும் பார்ப்பார்கள், ஆனால் அது அடுத்தபடிதான். வழக்கமான முறையில் முதலில் மூன்று பேருக்குக் குறைந்த அளவு கொடுப்பார்கள். மோசமான பக்கவிளைவு யாருக்கும் வராவிட்டால் அடுத்த மூன்று பேருக்கு அளவை ஏற்றுவார்கள், ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர், இரண்டு பேருக்கு வந்தால் அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அதனால் அண்ணன் எந்தப் படியில் சேருகிறார் என்று கேளுங்கள். அடிமட்ட அளவில் சேருகிறவருக்குப் பக்கவிளைவு குறைவாக இருக்கலாம், பலனும் குறைவாக இருக்கலாம். அளவு முடிவாகி, ஒரே வகை நோயாளிகளைக் கூடுதலாகச் சேர்க்கிற நேரத்தில் போவது வேறு விஷயம்.

எண்ணிக்கையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதல் கட்டப் புற்றுநோய் டிரயல்கள், கிட்டத்தட்ட 12,000 நோயாளிகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. கட்டி நன்றாகச் சுருங்கியது 10.6 சதவீதம் பேருக்கு. இன்னொரு 34.1 சதவீதம் பேருக்கு நோய் அப்படியே நின்றது அல்லது கொஞ்சம் குறைந்தது. மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். இப்போதைய மருந்துகள் ஜீனைப் பார்த்துக் குறிவைப்பவை, அதனால் இந்தக் கணக்கை அப்படியே அண்ணனுக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் 'புது மருந்து' என்றதும் நம் ஆட்கள் மனதில் ஏறுகிற நம்பிக்கைக்கு இது ஒரு கடிவாளம்.

ரென்ன் விஷயம்: அது புற்றுநோய் மருந்து இல்லை. நோயே இல்லாத, நல்ல ஆரோக்கியமாக இருந்த தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது. அண்ணி பயப்படுவதில் தப்பில்லை, அவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கேள்வியை அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

வெறும் மாத்திரை பற்றி: புற்றுநோய் முதல் கட்டத்தில் பொதுவாக அது கிடையாது, எல்லோருக்கும் மருந்துதான். பிரான்சில் டிரயல் நடத்துகிறவர் இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும், 1988 டிசம்பரில் வந்த சட்டத்திலிருந்தே அப்படி. டிரயல் மருந்துக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. விமான டிக்கெட், தங்குமிடம், கூட வருகிறவர் செலவு, இதெல்லாம் ஒவ்வொரு டிரயலிலும் ஒவ்வொரு மாதிரி. டிக்கெட் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

---

தெற்குக்காரன் (சேன் பியர்)

என் மனைவி போனாள். அவளுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிதான், வகை வேறு. அதனால் எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சேர்க்கும் முன்பே நிறைய வடிகட்டுவார்கள். பழைய சிகிச்சை முடிந்து இத்தனை வாரம் ஆகியிருக்க வேண்டும், ஸ்கேனில் அளக்கிற அளவுக்குக் கட்டி இருக்க வேண்டும் (எங்களுக்கு 10 மில்லிமீட்டராவது என்றார்கள்), ரத்தம், இதயம், கல்லீரல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பாரிஸ் வரை போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்தான் பெரிய நாள். காலையில் கையில் ஒரு ஊசிக் குழாயை வைத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று சாயங்காலம் வரைக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு குழாயிலும் நேரத்தை நிமிடத்தோடு எழுதினார்கள். நடுநடுவே ஈசிஜி. மறுநாள் காலை மறுபடி ஒரு ரத்தம். முதல் மாதம் பாரிஸை விட்டு நகரவே முடியவில்லை. மருந்து தொடங்கிய பிறகு இன்னொரு பயாப்ஸியும் எடுத்தார்கள். அது அவளுக்கு நல்லது செய்ய எடுத்தது இல்லை, ஆராய்ச்சிக்கு எடுத்தது. இதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அண்ணனுக்கு நுரையீரல் என்றால் ஊசி அங்கேதான் போகும்.

சாப்பாட்டு விஷயம் முக்கியம். கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் கூடாது என்றார்கள். இங்கே தெரிந்தவர் ஒருவர் கொடுத்த திசான், அதாவது கொதிக்க வைத்துக் குடிக்கிற மூலிகை, அதைப் பையில் எடுத்துப் போயிருந்தோம், அங்கே இருந்த மருந்தாளர் அதைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். கல்லீரலில் மருந்து உடைகிற வேகத்தை மூலிகை மாற்றிவிடும் என்றார். நிலவேம்பு, மஞ்சள் மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம், எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பலன்? சில மாதங்கள் கட்டி அப்படியே நின்றது, பிறகு வளர்ந்தது, வெளியே வந்தோம். இங்கே பெல்பியர் ஆஸ்பத்திரியில் உள்ள எங்கள் டாக்டர் எப்போதும் போலவே பார்க்கிறார். என் மனைவிக்கு அந்தச் சில மாதங்கள் வேண்டியிருந்தது. அந்தக் குளிரும் ஓட்டல் அறையும் எனக்குப் பிடிக்கவே இல்லை, அவளுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

---

தாம்போன் வாசி

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பாவுக்கு இதே அடினாய்டு சிஸ்டிக்தான். நுரையீரலில் கட்டி தெரிந்த பிறகும் பல வருடம் ஒரு மருந்தும் இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, கோவில் தீமிதிக்கு விரதம் இருந்துகொண்டு வாழ்ந்தார். இந்த நோய் பலருக்கு அப்படித்தான், நுரையீரலுக்குப் போன பிறகும் மெதுவாகவே நகரும். சாதாரணக் கீமோவுக்கு இது அவ்வளவாகக் கட்டுப்படாது. அதனால்தான் தொந்தரவு இல்லாதவரைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள், கைவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

அதனால் என் முதல் கேள்வி டிரயலைப் பற்றியதே இல்லை. அண்ணனின் கட்டி எந்த வேகத்தில் வளர்கிறது? போன ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்லாமல், முதல் ஸ்கேனையும் கடைசி ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மில்லிமீட்டரில் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாக என்றால் இன்னும் காத்திருக்கலாம், இதைவிட முன்னேறிய கட்டத்தில் வேறு மருந்து வரலாம். வேகமாக என்றால் நானே போகச் சொல்வேன். அப்புறம் லென்வாடினிப் என்கிற புற்றுநோய் மாத்திரையைப் போல ஏற்கனவே கையில் இருக்கிற மருந்து எதுவும் இவருக்குப் பொருந்துமா, இப்போது அதைத் தொடங்கினால் பிறகு டிரயல் கதவு மூடிவிடுமா என்றும் கேளுங்கள்.

அண்ணன் சும்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு அவருடையது. அவரைத் தனியாக உட்கார வைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?

---

காரைக்கால்காரி

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்று ராத்திரி அண்ணனிடம் கேட்டேன். மகள் பாக் (பள்ளி இறுதிப்) பரீட்சை எழுதுகிற வரை இங்கேயே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்றார். இதை அண்ணியிடம்கூட இதுவரை சொன்னதில்லையாம்.

டாக்டரிடம் ஸ்கேன் அளவுகளைக் கேட்டிருக்கிறேன். நர்ஸ் அக்கா, இன்னும் இரண்டு சந்தேகம். அவர் வாய் சரியாகத் திறப்பதில்லை, ரேடியேஷனுக்குப் பிறகு விரல் ஒன்றரை அளவுதான் திறக்கும், பெரிய மாத்திரை என்றால் பொடி செய்துதான் கொடுக்கிறோம். இது பிரச்சினையா? இன்னொன்று, பழைய கட்டியின் துண்டு வேண்டும் என்கிறார்கள், அது இத்தனை வருடம் இருக்குமா?

---

வில்லியனூர் நர்ஸ்

மாத்திரை விஷயத்தைக் கேட்டது ரொம்ப நல்லது. பல டிரயல்களில் மாத்திரையை முழுசாக விழுங்கியே ஆக வேண்டும், உடைக்கவோ கேப்ஸ்யூலைத் திறக்கவோ கூடாது, விழுங்க முடியாதவரைச் சேர்க்கவே மாட்டார்கள். மாத்திரை என்ன அளவு, ஒரு நாளைக்கு எத்தனை என்று இப்போதே கேளுங்கள், விமானம் ஏறிய பிறகு தெரியக் கூடாது. வாய் திறப்பதற்குப் பயிற்சி கொடுக்கிற கினே (பிசியோதெரபிஸ்ட்) ரீயூனியனிலேயே இருப்பார், அதையும் இந்த வாரமே தொடங்கலாம்.

கட்டித் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக்காக வைத்திருப்பார்கள், பல வருடம் கெடாது. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பயாப்ஸிப் பரிசோதனைக் கூடத்தில் கேட்க வேண்டும். அந்த பிளாக்கில்தான் நாட்ச் என்கிற ஜீனில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில டிரயல்கள் அந்த மாற்றம் உள்ளவர்களை மட்டும்தான் எடுக்கும். அண்ணனின் கேஸ் ரெஃப்கோர் கூட்டத்துக்குப் போனதா என்றும் கேளுங்கள். அரிய தலை-கழுத்துப் புற்றுநோய்க்கென்றே பிரான்ஸ் முழுக்க உள்ள வல்லுநர்களின் வலையமைப்பு அது, கட்டித் துண்டின் ஸ்லைடை மறுபடி பார்த்து நோயின் வகையை உறுதி செய்பவர்களும் அதில் இருக்கிறார்கள். ரீயூனியனில் இருந்தபடியே அங்குள்ள டாக்டர் வழியாக அனுப்பலாம், அண்ணன் வர வேண்டியதில்லை.

பிளாக் கைமாறி வந்து சேர வாரக்கணக்காகும். மகள் பரீட்சைக்குப் பிறகுதான் பயணம் என்றாலும் அதற்கான கடிதத்தை டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.